போராளியின் தொடக்கம்: ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலை முன்வைத்து

முன்னுரை

படைவீரனின் உருவாக்கத்தைக் கூறும் விறுவிறுப்புக் கதைகளுக்கு நிலையானதோர் அமைப்பு உண்டு. அடங்க மறுக்கும் இளைஞன் வீட்டை விட்டு வெளியேறுகிறான், கடும் பயிற்சி பெறுகிறான், அவனது சினம் ஒரு குறிக்கோளுக்கு உரியதாக மாற்றப்படுகிறது, இறுதியில் வீரனாகிறான். 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ இவ்வமைப்பையே எடுத்துக்கொண்டு அதன் இறுதிப்படியை மறுக்கிறது. அம்மறுப்பின் தன்மையையும், மலேசியத் தமிழ் வாசகரிடம் அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

1967இல் யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி, பதின்ம வயதில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து பின்னர் விலகியவர். பிரான்சில் புகலிடம் பெற்றவர். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றவரும் இவரே.

தந்தையும் இயக்கமும்

நாவலின் மையப் பாத்திரமாகிய ரொக்கிராஜ் வீட்டை விட்டு ஓடுவதற்கு முதற்காரணம் அரசியல் அன்று, தந்தையின் வன்முறை. ஊரே அஞ்சும் சண்டியனாகிய அத்தந்தைக்கு ஊரார் இட்ட பட்டப்பெயரே ‘கொரில்லா’. கரந்தடிப் போராளியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் அவ்வாறே ஒலிக்கிறது. விலங்கின் பெயரும் போராளியின் பெயரும் ஒன்றாகிவிடும் இச்சொல்லிலேயே நாவலின் முழுப் பொருளும் அடங்கியுள்ளது எனலாம்.

தந்தையின் கையிலிருந்து தப்பிய சிறுவன் இயக்கத்தில் சேர்கிறான். அங்கு அவனுக்குப் புதிய பெயரும் புதிய ஒழுங்கும் கிடைக்கின்றன. தந்தையின் பட்டப்பெயரோ அவனை விடாது பின்தொடர்கிறது. முடிவில் இயக்கமே அவன்மீது ஐயங்கொண்டு தண்டிக்கிறது. அவன் வெளியேற நேர்கிறது. எந்த அடிக்கு அஞ்சி ஓடினானோ அந்த அடியை அவன் இயக்கத்திலும் சந்திக்கிறான். வீட்டின் வன்முறையும் விடுதலையின் பெயரால் நிகழும் வன்முறையும் ஒரே இலக்கணம் உடையவை என்பதை ஆசிரியர் வாதமாக உரைக்கவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைப்பதன் மூலமே உணர்த்துகிறார். சினம் இங்கே குறிக்கோளாக மாறுவதில்லை, கைமாறுகிறது.

விண்ணப்பம் என்னும் வடிவம்

நாவல் ஓர் அகதியின் மேன்முறையீட்டு விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. எண்ணிட்ட பத்திகள், கைதுகள், சித்திரவதைகள் என அலுவலக நடையில் ஒரு வாழ்வு சுருக்கித் தரப்படுகிறது. விண்ணப்பதாரர் பெயர் ஆசிரியரின் இயற்பெயரையே ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. இவ்விண்ணப்பம் நம்பப்பட வேண்டும். நம்பப்படவில்லையெனில் நாடுகடத்தப்படும் அச்சம் உண்டு. வீரக்கதையில் கடந்தகாலம் பெருமைக்குரியது. இங்கோ அதை எண்பிக்கவும் வேண்டும், தேவையான இடத்தில் மறைக்கவும் வேண்டும். வாசகரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியின் இடத்தில் அமர்த்தப்படுகிறார். இயக்க வாழ்வை விரித்துரைக்கும் பிற்பகுதியைப் படிக்கும்போது, விண்ணப்பத்தின் வறண்ட வரிகள் எவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டன என்பது புலனாகிறது.

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். தந்தையின் வன்முறைக்கு வீட்டிலுள்ள பெண்களும் இரையாகின்றனர். ஆயினும் அவர்களின் அகவுலகம் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. ஓடிப்போக மகனுக்கு ஓர் இயக்கமேனும் இருந்தது. தாய்க்கு எதுவும் இல்லை என்ற வினாவை நாவல் எழுப்பி, தொடராமல் விடுகிறது.

மலேசிய வாசிப்பு

நம் சமூகத்தில் ‘இளம் போராளி’ என்ற உருவம் 1943ஐ ஒட்டியே நிலைபெற்றது. நேதாஜியின் அழைப்பை ஏற்று, மலாயாத் தோட்டப்புறத் தமிழ் இளைஞர்களும் இளம்பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதில் பணியாற்றிப் பின்னர் தொழிற்சங்கத் தலைவரான மலாயா கணபதி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்நினைவு போற்றத்தக்கது. ஆயினும் அதே மனச்சாய்வுடன் ஈழத்துப் போராளிகளையும் வீரர் அல்லது துரோகி என்னும் இரண்டே பெட்டிகளில் அடைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ரொக்கிராஜ் இரண்டிலும் அடங்கான். தோட்டத்து இளைஞன் படையில் சேர்ந்ததற்குக் கிராணியின் அதட்டலும் லயத்து வறுமையும் எவ்வளவு காரணமாயின என்ற கேள்வியை நம் வரலாற்றை நோக்கியும் எழுப்ப இந்நாவல் துணைசெய்கிறது. அக்கேள்வி தியாகத்தைச் சிறுமைப்படுத்தாது. தியாகம் செய்தவரை மனிதராகக் காணச்செய்யும்.

முடிவுரை

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் ‘கொரில்லா’வை வெறும் இயக்க எதிர்ப்பு நூலாகவோ சாட்சியமாகவோ மட்டும் படிப்பது போதாது. வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘அவன் எந்தப் பக்கம்?’ என்று வினவுவதற்கு முன், ‘அவன் எந்த வீட்டிலிருந்து வந்தான்?’ என்று வினவுதல் நலம். ஒரு சிறுவன் துப்பாக்கியை ஏந்தும் கணத்திற்கு முன்பே அவன் கதை தொடங்கிவிடுகிறது என்பதே இந்நாவல் நமக்கு உணர்த்துவதாகும்.