கைப்பேசிவழி மொழிக் கல்வி

ஏழை மாணவர்க்கு மொழி பயிற்றக் கைப்பேசி ஒன்றே போதும் என்பார் இந்நாளில் பலர். இக்கூற்றைச் செந்தூலில் வைத்துப் பார்த்தல் தகும். இரயில்வே பட்டறையில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் பலர், இன்று அங்கு அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், நாடு முழுவதும் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்விதக் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. கருவியுள்ள ஏழை வீட்டிலும் அது தந்தையின் கைப்பேசியாயிருப்பின், அவர் வேலைக்குப் புறப்படும்போது பாடமும் அவரோடு புறப்பட்டுவிடும்.

கருவி கிடைத்ததென்றே கொள்வோம். அஃது எதைக் கற்பிக்கும்? படத்தைக் காட்டி, நான்கு சொற்களுள் ஒன்றைத் தொடச் சொல்லும் பயிற்சிகளே செயலிகளில் மிகுதி. 'பள்ளி'யைச் சரியாகத் தொட்ட பிள்ளை, தாளில் எழுதும்போது 'பல்லி' என்று எழுதக்கூடும். கண்டறிதல் வேறு, நினைந்தெழுதல் வேறு. மலேசியரான முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் கைப்பேசியில் தமிழெழுத வழிசெய்தது. அது பெரும்பணி, ஐயமில்லை. லகர ளகர ழகரங்களுக்குத் தனித்தனி விசை தேடுவதும் நல்ல பயிற்சியே. ஆயின், முதல் இரண்டெழுத்தைத் தட்டியதும் முழுச்சொல்லையும் நீட்டும் வசதி, எழுதத் தெரிந்தவர்க்கு ஏற்றது. கற்பவனுக்கோ நினைவுகூரும் உழைப்பையே பறித்துவிடும்.

கைப்பேசியின் உண்மை வலிமை திரையிலன்று, குரலில் உள்ளது. வங்காளதேசத்தில் 2009இல் தொடங்கிய பி.பி.சி. ஜனாலா இதை உணர்ந்தது. சாதாரணக் கைப்பேசியில் 3000 என்னும் எண்ணை அழைத்து மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்க அன்று முடிந்தது. எனினும் அக்குரல் ஒருவழிக் குரலே. வாட்ஸ்அப்பில் குரல் திரும்பியும் வரும். பத்தியொன்றை வாசித்து அனுப்பச் சொன்னால், கூச்சமுள்ள பிள்ளை பதிவுசெய்து, கேட்டு, அழித்து, மீண்டும் வாசிக்கும். யாரும் ஏவாமலே நாலைந்து முறை வாசிப்பு நடந்துவிடும். வகுப்பில் வாய் திறவாதவனின் ழகரம் ஆசிரியர் காதில் முதன்முறை விழுவதும் அப்போதுதான். காணொளியைப்போல் இணையச் செலவும் மிகுதியன்று.

இதற்கு வேண்டுவது ஆசிரியரின் நேரம். முப்பது மாணவர்க்கு, கேட்கவும் திருத்திச் சொல்லவும் ஆளுக்கு இரண்டு நிமிடம் எனின், ஒரு மணி நேரமாகும். கருவி வழங்கும் திட்டங்கள் இந்த ஒரு மணியைக் கணக்கில் கொள்வது அரிது. அதற்குக் கால அட்டவணையில் இடமில்லையேல் அஃது ஆசிரியரின் இரவு உணவுக்குப் பின்னரே வரும். அவ்வாறு நடப்பது எத்தனை வாரம் நீடிக்கும்?