மாலி நாட்டில் இபின் பதூதா: பரிசிலும் பாணரும்

மேலை ஆப்பிரிக்காவில் நைசர் ஆற்றின் கரையில் வளர்ந்த மாலிப் பேரரசினைப் பதினான்காம் நூற்றாண்டில் நேரிற் கண்டுரைத்தோர் மிக அரியர். 1349இல் மறைந்த அல் உமரி, மன்னன் மன்சா மூசா 1324இல் கெய்ரோ வழியாக மக்காவுக்குச் சென்ற செலவினைப் பிறர் வாய்க் கேட்டு எழுதினார். நேரிற் சென்று கண்டவர் மொராக்கோ நாட்டு இபின் பதூதா. இவர் 1352ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிசில்மாசா என்னும் நகரினின்று வணிகரோடு புறப்பட்டுச் சகாராப் பாலையைக் கடந்தார்; மூசாவின் உடன்பிறந்தானாகிய மன்சா சுலைமானின் தலைநகரில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் தங்கினார். வரலாற்றறிஞர் இவருடைய பயணநூலின் இப்பகுதியைச் சான்றுக் களஞ்சியமாகவே போற்றி வந்துள்ளனர். உப்புப் பாளங்களால் சுவரெடுத்து ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்த தகாசா ஊர் வீடுகளை எடுத்துக்காட்டாதார் இலர். ஆயினும், கண்டவர் எந்நிலையில் நின்று கண்டார் என்பதை அறியாது சான்றினை மட்டும் பிரித்தெடுத்தல் தகாது. அந்நிலையை நூலே காட்டுகின்றது.

அந்நிலை பரிசிலன் நிலை. தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் பெருங்கொடையைத் துய்த்தவர். மதுரைச் சுல்தானின் அவையிலும் இருந்தவர். அத்தகையார்க்கு மாலி மன்னனிடமிருந்து விருந்துக்கொடை வந்துள்ளதாகச் சொல்லப்படுகின்றது. பட்டாடையும் பொன்னும் என எண்ணி எழுகின்றார். வந்தவை மூன்று அப்பம், மரநெய்யிற் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, சுரைக்குடுக்கை நிறையத் தயிர் ஆகியவையே. அவற்றைக் கண்டு நகைத்ததாக அவரே கூறுகின்றார். பின்னர் இரு திங்கள் யாதும் வந்திலது. அதன்பின் மன்னன்முன் நின்று, பிற வேந்தர் அவையில் நும்மைப் பற்றி யான் யாது கூறுவேன் என்னும் பொருள்பட வினவுகின்றார். புறத்துறை பயின்றார் இதனைப் பரிசில் கடாநிலை என உடனே காண்பர். கொடாதான் புகழ் குன்றும் என்னும் அச்சுறுத்தல் இதன் உயிர்நிலை. மன்னன் வீடும் நாட்படியும் வழங்கினான். நோன்புத் திங்களில் முப்பத்து மூன்றேகால் மித்கால் என்னாது, முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் எனப் பொன்னின் அளவைப் பிசகாது குறிக்கின்றார் ஆசிரியர்! விடைபெற்றபொழுது கிடைத்தது நூறு மித்கால். சுலைமான் ஈயாதவன் என்ற பழி இன்றளவும் நிற்பதற்கு இந்நூலே காரணம். கொள்வோன் கூற்றாகிய அப்பழியை அரசியல் வரலாறாகக் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. பாலையைக் கடந்து முதலில் அடைந்த வலாத்தா நகரில், அரசனின் அலுவலன் வணிகர் அருகில் நின்றிருந்தும் அவரோடு நேரே பேசாது இடைநின்று உரைப்பான் ஒருவன் வாயிலாகவே பேசினான். இதனை இகழ்ச்சி எனக் கொண்டு, இந்நாட்டிற்கு ஏன் வந்தோம் என இபின் பதூதா வருந்துகின்றார். தலைநகரிலோ, மன்னன் சொல்லை அவைக்கும் அவையின் சொல்லை மன்னனுக்கும் எடுத்துரைப்பவன் தூகா என்பான். பரிசில் வேண்டியபொழுது, நீ பேசு, நின் கருத்தை யான் உரைப்பேன் என்று துணைநின்றவன் அவனே. முன்னர் இகழ்ச்சியாகத் தோன்றிய மரபே பின்னர் இவருக்குப் பயன் தந்தது. பெரியோன் சொல் பிறன் நாவழியே அவையை அடைதல் மாந்தே மக்களின் வழக்கு. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சில பக்க இடைவெளியில் எழுதிய ஆசிரியர் அவற்றை இணைத்து நோக்கவில்லை. இணைத்தற்குரிய செய்திகளை மட்டும் தந்து சென்றார்.

தூகா இசைவாணனும் ஆவான். விழா நாளில் சுரைக்குடுக்கைகள் பொருத்திய கருவியை இயக்கிப் பாடுகின்றான். அவன் மனைவியரும் அடிமைப் பெண்டிரும் உடன் பாடுகின்றனர். அவனுக்குப்பின் வருவோர் இறகுடை போர்த்து, செவ்வலகுடைய மரத்தலை பூண்டு, பறவைக் கோலத்தில் நின்று பாடும் புலவர். அவர்களை 'ஜாலி' எனக் குறிக்கின்றார் ஆசிரியர். மாந்தே மொழிகளில் பாணனைக் குறித்து இன்றும் வழங்கும் 'ஜெலி' என்னும் சொல்லே அது. அரபு நூலொன்றில் அச்சொல் பொதிந்து கிடப்பது மொழிநூலார்க்குப் பெரும்பேறு. நின் முன்னோர் இவ்விருக்கையில் அமர்ந்து இன்ன இன்ன நலம் செய்தனர், நீயும் நின்பின் நினைக்கப்படுவன செய்க என்பது பாட்டின் கருத்தாம். செவியறிவுறூஉ என நாம் கூறும் துறையோடு இஃது ஒத்திருத்தல் வெளிப்படை. ஒப்புமை கண்டு தொடர்பு கற்பித்தல் மட்டும் வேண்டா.

அக்கருத்தும் பிறர் கூறக் கேட்டதே. ஆசிரியர் அம்மொழி அறியார். பாட்டின் ஓரடியும் அவர் நூலில் இல்லை. அவர் வாய்மொழியை நூலாக்கி 1355இல் முடித்தவர் இபின் ஜுசய். ஆக, பாணன் பாட்டு நம்மிடம் வந்து சேருமுன் மூவர் கைப்பட்டுள்ளது. பாணர் தரப்பின் சான்று நூல்வடிவில் பரவப் பன்னெடுங்காலம் சென்றது. பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் கதையை மாமது குயாத்தே என்னும் பாணர்வழிக் கேட்டு, சிப்ரில் தம்சீர் நியான் 1960இல் பிரெஞ்சு உரைநடையில் வெளியிட்டார். அதுவும் மூலமொழிப் பாட்டு அன்று. கற்றோன் ஒருவன் கையில் உருமாறியதே. ஆதலின் ஒன்றை மெய்யெனவும் மற்றொன்றைப் புனைவெனவும் பிரிக்கும் வழக்கம் ஏற்புடைத்தன்று.

இவருடைய கண் எப்பொழுதும் மழுங்கியதன்று. வலாத்தாவில் உரிமை மகனுக்கன்றி உடன்பிறந்தாள் மகனுக்குச் செல்வதைக் கண்டு, இதனை மலபாரில் மட்டுமே முன்னர்க் கண்டதாக எழுதுகின்றார். தாம் பரிசில் நோக்கி நில்லாத இடத்தில் ஒப்பிடும் அறிவு இவ்வாறு தெளிவாகத் தொழிற்படுகின்றது. மாலி மக்களின் நலங்களாக நீதியையும், வழிப்போவார்க்கு அச்சமின்மையையும், இறந்த அயலான் பொருளைக் கவராமையையும் உரைக்கின்றார். குறைகளை அடுக்குமிடத்திலோ, பெண்டிர் ஆடையின்மை, தலையில் புழுதி தூவிப் பணிதல் ஆகியவற்றோடு பாணர் பாட்டு நகைப்பிற்கிடமானது என்பதையும் சேர்க்கின்றார். அதே பாட்டினைப் பற்றித்தான், இஃது இசுலாம் வருமுன்பே இவர்களிடை இருந்தது, இவர்கள் விடாது காத்து வருகின்றனர் என்றும் அவர் குறித்துள்ளார்.