மெய்நிகர் இயந்திரக் காப்புநகல்: வேகமும் நம்பகமும்

மெய்நிகர் இயந்திரக் காப்புநகல் என்பது, ஒரு வழங்கிக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு இயங்கும் கணினிகளின் வட்டுகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதாகும். அலுவலகங்களில் இவ்வட்டுகள் பெரும்பாலும் ‘சான்’ எனப்படும் பகிர்வுச் சேமிப்பக வலையமைப்பில் கோப்புகளாக இருக்கின்றன. பல வழங்கிகள் அதே சேமிப்பகத்தைப் பயன்படுத்துவதால், படியெடுக்கும் வேலை எல்லாருடைய வேகத்தையும் பாதிக்கிறது. இச்சிக்கலுக்கு வி.எம்.வேர் நிறுவனம் கண்ட தீர்வுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பழைய முறையும் அதன் குறையும்

2006இல் வந்த ‘கன்சாலிடேட்டட் பேக்கப்’ முறையில் ஒரு தனி விண்டோஸ் கணினி இடையில் நின்றது. முழு வட்டும் முதலில் அக்கணினிக்குப் படியெடுக்கப்பட்டது. பிறகே நாடாவுக்கோ வேறு வட்டுக்கோ சென்றது. ஒரே தரவை இரண்டு முறை நகர்த்தியதால் நேரமும் இடமும் வீணாயின.

2009இல் வந்த மாற்றம்

வி-ஸ்பியர் 4 பதிப்பு இக்குறையை இரண்டு வழிகளில் தீர்த்தது. முதலாவது, தரவு செல்லும் பாதை. காப்புநகல் மென்பொருள் சேமிப்பக வலையமைப்பிலிருந்தே நேராக வட்டைப் படிக்கலாம். அலுவலகப் பிணையத்தைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவது, மாறிய தொகுதிகளைக் கண்காணிக்கும் ‘சி.பி.டி.’ வசதி. கடந்த முறைக்குப் பின் வட்டின் எப்பகுதிகள் மாறின என்று வழங்கியே குறித்துவைக்கிறது. அவற்றை மட்டும் படித்தால் போதும்.

பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 1 கிகாபிட் கொண்ட பிணையத்தில் அதிகபட்சம் 125 மெகாபைட்டு செல்லும். 2 டெராபைட்டு வட்டை முழுதாகப் படியெடுக்க 16,000 வினாடி, அதாவது ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். அன்று மாறியது 100 ஜிகாபைட்டு மட்டுமே என்றால் 800 வினாடி, சுமார் 13 நிமிடம் போதும். இரவுக்குள் முடியாத வேலை முடிகிறது. படியெடுக்கும்போது வட்டை உறையவைக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ நிலையும் சீக்கிரம் நீங்குவதால், அதன் பின் செய்யவேண்டிய ஒருங்கிணைப்பு வேலையும் குறைகிறது. இவ்வளவும் பாராட்டத்தக்கதே.

விமர்சனம்

இம்முறையின் வேகம், எதைப் படிக்கவில்லை என்பதிலிருந்து கிடைப்பது. ஆகவே குறிப்பேடு தவறினால் நகலும் தவறும். 2014இல் இது வெளிப்பட்டது. சி.பி.டி. இயங்கும்போது வட்டின் அளவை 128 ஜிகாபைட்டு போன்ற எல்லையைத் தாண்டிப் பெருக்கினால், மாறிய பகுதிகளின் பட்டியல் பிழையாக வந்தது. காப்புநகல் வேலையோ ‘வெற்றி’ என்றே முடிந்தது. சி.பி.டி.யை நிறுத்தி மீண்டும் தொடங்கி, ஒருமுறை முழு நகல் எடுப்பதே தற்காலிகத் தீர்வாயிற்று. 2015இல் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 6.0 பதிப்பிலும் வேறொரு சி.பி.டி. பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

இரண்டாவது குறை, எடுக்கும் வேகத்தையே அளந்து, திரும்ப வைக்கும் வேகத்தை மறப்பது. தேவைக்கேற்ப வளரும் ‘தின்’ வகை வட்டைச் சேமிப்பக வலையமைப்பு வழியாக மீட்கும்போது, ஒவ்வொரு பகுதிக்கும் இடம் ஒதுக்கிப் பெற வேண்டியிருக்கிறது. எனவே எடுக்கும்போது விரைவான பாதை, வைக்கும்போது மெதுவாகலாம். சாதாரணப் பிணையப் பாதையே அப்போது மேலாகக்கூடும்.

மூன்றாவது, நேரடிப் பாதையில் உள்ள ஆபத்து. காப்புநகல் எடுக்கும் விண்டோஸ் கணினிக்கு அப்பகிர்வு வட்டுகள் புதிய வட்டுகளாகத் தெரியும். நிர்வாகி தவறுதலாக அவற்றைத் தொடக்கநிலைப்படுத்தினால், ஒரு நகலன்று, பல இயந்திரங்களின் மூலத் தரவே சிதையும்.

முடிவு

இக்குறைகளால் சி.பி.டி. வேண்டாம் என்பது பொருளன்று. முழு வட்டையும் நாள்தோறும் படிக்கும் காலத்துக்குத் திரும்ப முடியாது. ஆனால் குறித்த இடைவெளியில் ஒரு முழு நகல் எடுக்க வேண்டும்; வட்டின் அளவை மாற்றினால் உடனே எடுக்க வேண்டும்; மாதம் ஒரு இயந்திரத்தையாவது தனியிடத்தில் மீட்டு இயக்கிப் பார்த்து, ஆன நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டேன் என்று மாணவர் சொல்வதற்கு யாரும் மதிப்பெண் இடுவதில்லை. விடைத்தாளைத் திருத்திய பிறகே இடுகிறோம். காப்புநகலின் விடைத்தாள் மீட்டெடுப்பே.