ஒரு பஸ் ஸ்டாப்பில் மாறும் பாடத்திட்டம்

ஜூன் மாதத்தில் ஒருநாள் தங்கச்சியிடமிருந்து போன்.

‘‘அண்ணே, பாப்பாவை இங்கே கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது சேர்த்துட்டோம். சேர்க்கும்போது, ஏப்ரல்லயே பாடம் ஆரம்பிச்சாச்சேம்மா, இப்ப வர்றீங்களேங்கிறாங்க. ஏப்ரல்ல இவ ஏழாவது பரீட்சையே எழுதி முடிக்கலையே!’’

மாப்பிள்ளை வேலை விஷயமாகக் கண்டமங்கலத்திலிருந்து வில்லியனூருக்குக் குடிவந்த குடும்பம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால், கண்டமங்கலம் தமிழ்நாடு, வில்லியனூர் புதுச்சேரி. அங்கே ஸ்டேட் போர்டு, ஜூனில் பள்ளி திறப்பு. இங்கே அரசுப் பள்ளியில் சி.பி.எஸ்.இ., ஏப்ரலில் புது வகுப்பு. ஸ்கூல் மாறியதாகத்தான் தங்கச்சி நினைத்தாள். மாறியது புத்தகம், காலண்டர், கேள்வித்தாள் எல்லாமே!

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எல்லைக்கோடு ஒரு தமாஷ். விழுப்புரம் ரோட்டில் போனால் வில்லியனூர் தாண்டித் தமிழ்நாடு வரும். அதைத் தாண்டி மதகடிப்பட்டில் மறுபடி புதுச்சேரி வரும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக வைத்திருந்த ஊர்கள் 1954-ல் இந்தியாவோடு சேர்ந்தன, 1962-ல் சட்டப்படி கைமாறின. ஆனால் துண்டுகள் மட்டும் ஒட்டவேயில்லை. பாகூர் பக்கமும் அதே கதைதான். வயல் ஒரு மாநிலம், வாய்க்கால் இன்னொரு மாநிலம்!

முன்பெல்லாம் இது பள்ளிக்கூடத்தைத் தொட்டதில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தன. மாஹே கேரளத்தைப் பார்த்தது, ஏனாம் ஆந்திராவைப் பார்த்தது. இந்தப் பக்கம் டி.சி. வாங்கி அந்தப் பக்கம் சேர்ந்தால் அதே புத்தகம், அதே பாடம். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.-க்கு மாறின. 2025-ல் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முதல்முறையாக அந்தப் பரீட்சையை எழுதின.

மாறியது தப்பா? இல்லை. நீட் தேர்வு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி நடக்கிறது. அந்தப் புத்தகம் காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் என்றிருப்பதைவிட, கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்கும் கிடைப்பது நல்லதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரெல்லாம் சி.பி.எஸ்.இ. என்றால் ஃபீஸ் என்று அர்த்தம். புதுச்சேரி கிராமத்தில் இலவசமாகப் படிக்கிற பிள்ளை சி.பி.எஸ்.இ.; கடன் வாங்கிப் பணம் கட்டுகிற தனியார் பள்ளிகள் பலவற்றில் ஸ்டேட் போர்டு! இதைச் சொன்னால் தங்கச்சியே நம்பவில்லை. ‘‘சும்மா சொல்லாதேண்ணே’’ என்றாள்.

அவள் நம்பாததில்தான் என் விமர்சனமே இருக்கிறது. பாடத்திட்டத்தை மாற்றினார்கள், புத்தகத்தைக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு யார் சொன்னார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கச்சியும் மாப்பிள்ளையும் பழைய புத்தகத்தையும் புதுப் புத்தகத்தையும் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். நான் பி.காம். பாஸ் புக்கும் கேஷ் புக்கும் ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று வரிவரியாக ஒரு ஸ்டேட்மென்ட் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதுமாதிரி, ‘உங்கள் பிள்ளை இதுவரை இதைப் படித்திருக்கும், இனி இது வரும், நடுவில் விட்டுப்போனது இது’ என்று ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் போதும். அந்த வீட்டில் அப்படி ஒரு தாள் இல்லை. வந்திருந்த சுற்றறிக்கை ஒன்றும் இங்கிலீஷில். தங்கச்சி பிளஸ் டூ, மாப்பிள்ளை ஐ.டி.ஐ. இவர்களே தடுமாறினால், கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அம்மாக்கள் என்ன செய்வார்கள்?

பெரிய வித்தியாசம் பாடத்தில்கூட இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘புக் பேக்’ கேள்வியை மனப்பாடம் செய்தால் கரையேறலாம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சி.பி.எஸ்.இ. பத்தாவதில் பாதிக் கேள்விகள், படித்ததை வைத்து யோசித்து எழுத வேண்டியவை. எழுத்துத் தேர்வு 80, பள்ளியில் போடுகிற மார்க் 20. அந்த 20-க்கு நோட்டு, பிராஜெக்ட், இடைத்தேர்வு எல்லாம் வருஷம் முழுக்க வேண்டும். கடைசி மாசம் மட்டும் விழுந்து விழுந்து படித்தால் போதாது. இது தெரியாமல், தெருமுனை டியூஷனில் பழைய பாணியிலேயே மனப்பாடம் செய்கிறது பிள்ளை.

2023-ல் ஒன்பதாவது நுழைந்தவர்களை நினைத்துப் பாருங்கள். முந்தின வருஷம் வரை ஒரு ஆட்டம். நடுவில் ரூல்ஸ் மாறி, இரண்டே வருஷத்தில் ஃபைனல். வாத்தியார்களுக்கும் அதே கதி, அவர்களும் புதுசாகப் படித்துத்தானே நடத்த வேண்டும்! ஆறாம் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏற்றியிருக்கலாம் என்பது என் கட்சி. அவசரத்துக்கு விலை கொடுத்தது அந்த பேட்ச்தான்.

சரி, புலம்பி என்ன ஆகப்போகிறது? நாங்கள் அன்றைக்குக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், வருஷ நடுவில் வந்தாலும், டி.சி. தாமதமானாலும், எட்டாவது வரை அரசுப் பள்ளியில் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தங்கச்சிக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. ‘விட்டுப்போன ஏப்ரல் பாடத்துக்கு என்ன வழி?’ என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது முக்கியம். தமிழ்நாட்டில் 7.5 சதவிகிதம் மாதிரி, புதுச்சேரியில் 2023 முதல் எம்.பி.பி.எஸ். அரசு இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவிகிதம் உள் ஒதுக்கீடு. எந்த வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், குடியிருப்புச் சான்றிதழுக்கு எத்தனை வருஷம் என்பதையெல்லாம் பிள்ளையை மாற்றுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பன்னிரண்டாவது முடித்து சென்டாக் விண்ணப்பம் போடும்போது தெரிந்தால், அழத்தான் முடியும். ‘இங்கிலீஷ் வரட்டும்’ என்று இரண்டு வருஷம் தனியாரில் சேர்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்வார் யாருமில்லை.

காலையில் பால், மதியம் சோறு, இலவசப் புத்தகம்... புதுச்சேரி அரசுப் பள்ளி கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. கொடுப்பதைச் சொல்வதில்தான் கஞ்சத்தனம். எழுத்து கூட்டிப் படிக்கிற ஒரு பாட்டிக்கும் புரிகிற மாதிரி நாலு பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்று அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இதே பாகூரில் 9-ம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதன் செலவுக்கு மூன்று ஊர்களைக் கொடுத்துச் செப்பேடு எழுதினார்கள். புகழுரையெல்லாம் சமஸ்கிருதத்தில். எந்த ஊர், எதுவரை எல்லை என்கிற விவரம் மட்டும் தமிழில். அது ஊர்க்காரனுக்குப் புரிந்தாக வேண்டுமே!

பாப்பா இப்போது ஏப்ரல் பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதுகிறாள். எதிர்வீட்டு அம்மா ஒரு காப்பி கேட்டிருக்கிறாராம்.