பிளேஸ்டேஷன்: மதுரை ரசிகர்களின் மூன்று மரபுகள்

எந்த பிளேஸ்டேஷன் உசத்தி என்று மதுரையில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். ரசனை மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. சோனியின் பெட்டி அவரவர் கைக்கு எந்த வழியாக வந்ததோ, அந்த வழியே அவரவர் அளவுகோலையும் தீர்மானித்திருக்கிறது.

மூத்த மரபு வாடகைக் கடையில் பிறந்தது. டி.வி. கேமில் கேசட் செருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடிப் பழகிய பிள்ளைகள், 1994-இல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனை மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் தொட்டார்கள். ‘டெக்கன் 3’ ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். இவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் உழைப்பைத்தான். லென்ஸ் தேய்ந்து சி.டி. ஓடாமல் நின்றால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். பல நேரம் ஓடிவிடும். மெமரி கார்டு இல்லாமல் ஆடும்போது கரண்ட் போனால், அதுவரை ஆடியது அத்தனையும் போச்சு.

நடு மரபின் தெய்வம் பி.எஸ்.2. 2000-இல் வெளிவந்து, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பி.எஸ்.2 வீட்டில் இருந்தால் மலிவு விலை டிஸ்க்குகளுக்குப் பஞ்சமில்லை. ‘கிரிக்கெட் 07’, ‘சான் ஆண்ட்ரியாஸ்’, ‘ஸ்மாக்டவுன்’ என்று ஒரு தெருவே ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேமான ‘அனுமன்: பாய் வாரியர்’ 2009-இல் வந்ததும் இந்தப் பெட்டிக்காகத்தான். எத்தனை கேம் கிடைக்கும், எத்தனை பேர் ஆடலாம் என்பதே இந்த மரபின் கணக்கு. 2007-இல் 39,990 ரூபாய்க்கு இந்தியா வந்த பி.எஸ்.3 அந்தக் கணக்கில் தேறவில்லை.

இளைய மரபு பி.எஸ்.4-இல் தொடங்கி, 2021 பிப்ரவரி 2-இல் இங்கே விற்பனைக்கு வந்த பி.எஸ்.5-இல் நிற்கிறது. கேம் எத்தனை நொடியில் திறக்கிறது, படம் 4கே-யில் எப்படித் தெரிகிறது, விசையை அழுத்தும்போது விரலுக்கு எதிர்விசை கிடைக்கிறதா என்று நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். மூத்தவர்கள் காத்திருந்து பழகிய ‘லோடிங்’ திரையை இவர்களால் பொறுக்க முடியாது.

மரபுகள் நேருக்கு நேர் மோதும் இடம் டிஸ்க். டிஸ்க் போடும் பி.எஸ்.5 அறிமுகத்தில் 49,990 ரூபாய். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பெட்டி 39,990. பத்தாயிரம் மிச்சம் என்கிறது இளைய மரபு. புது கேம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் காலத்தில், ஆடி முடித்த டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். வாங்கும்போது டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்க்கும் பழக்கமும் அவர்களோடுதான் இருக்கிறது.

இந்த வழக்கில் நியாயம் மூத்தவர்கள் பக்கமே. மதுரையில் இந்த ரசனை வளர்ந்தது கைமாற்றாலும் கூட்டு ஆட்டத்தாலும்தான். ஆனால் பெட்டிக்குள் சோனி வைப்பது ஒரே ஒரு கண்ட்ரோலர், பி.எஸ்.5-க்கு இரண்டாவது வேண்டுமென்றால் அறிமுக விலையே 5,990 ரூபாய். அப்படியும் அதை வாங்கி, ‘இட் டேக்ஸ் டூ’ போல இருவர் சேர்ந்தால் மட்டுமே ஆட முடிகிற கேமைத் தேடிப் போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வாடகைக் கடை மரபின் நேர் வாரிசுகள் அவர்களே.