எதிர்பார்த்த முடிவு எது?

தமிழ் பயின்ற எவரும் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்னும் வினாவை மறந்திரார். அடியின் பொருளை மட்டும் எழுதிவிட்டு, கூறியவர் யார், கேட்டவர் யார் என்பதை விட்டுவிட்டால் முழுப் புள்ளி கிடைப்பதில்லை. தொல்காப்பியரும் செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணினார். இவ்வளவுகோல் மறைநூல் வாசகத்துக்கும் பொருந்தும்.

ஜெலாப்பாங்கிலும் ஈப்போவைச் சூழ்ந்த பிற குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் கிறித்தவர்க்கு நன்கு அறிமுகமான வாசகம், எரேமியா ஆகமம் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். இறைவன் தம் மக்களைக் குறித்துக் கொண்டுள்ள எண்ணம் நன்மைக்கே என்பது அதன் கருத்து. தேர்வெழுதும் மாணவனுக்கும் வேலை தேடும் இளைஞனுக்கும் இதனை வாழ்த்தாகச் சொல்வர். விரும்பியது விரைவில் கைகூடும் என்றே பொருள் கொள்வர்.

முதற்கண் களனையும் காலத்தையும் நோக்குவோம். கி.மு. 597இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார், எருசலேமின் அரசன் எகொனியாவையும் தலைமக்களையும் கைவினைஞரையும் சிறைகொண்டு சென்றான். அவர்களுக்கு எரேமியா விடுத்த திருமுகமே இவ்வதிகாரம். முந்திய அதிகாரத்தில் அனனியா என்பான், இரண்டே ஆண்டுகளில் மீட்சி வரும் என்று முழங்குகிறான். மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. எரேமியாவோ வேற்று நாட்டிலே வீடு கட்டுமாறும், தோட்டம் நடுமாறும், அந்நகரின் நலத்துக்கே வேண்டுதல் செய்யுமாறும் பணிக்கிறார். மீட்சி உண்டு, ஆனால் எழுபது ஆண்டு கழித்து. அதனையடுத்தே இவ்வசனம் நிற்கிறது. கேட்டோருள் வளர்ந்தோர் பலர் அந்நாளைக் கண்ணாற் கண்டிருக்க இயலாது.

அடுத்து, கேட்போர். பழைய திருப்புதலில் இறைவன் தனியொருவரை ‘நீ’ என்று விளிப்பதே வழக்கு. இங்கோ ‘உங்களுக்கு’ என்னும் பன்மை உள்ளது. இன்றைய ஆங்கிலத்தில் இருமைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் மயங்கலாம்; தமிழ் கற்றோர் மயங்குதற்குக் காரணமில்லை. வாக்கு ஒரு மக்கட்கூட்டத்துக்கு உரியது.

மயக்கத்துக்கு மொழிபெயர்ப்பும் ஓரளவு துணைசெய்தது. 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பைத் தழுவி இன்றும் வழங்கும் பழைய திருப்புதல், எதிர்பார்த்திருக்கும் முடிவு அருளப்படும் என்கிறது. எபிரேய மூலத்தில் உள்ளவை வருங்காலம், நம்பிக்கை என்னும் பொருளுடைய இரு சொற்கள். அவற்றை ஒரே தொடராக இணைக்க இலக்கணம் இடந்தரும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரண்டையும் தனித்தனியே தருகிறது. மக்கள் எதிர்பார்த்ததோ அனனியா சொன்ன இரண்டாண்டு. அதனை மறுக்கவே திருமுகம் எழுந்தது. ஆகவே, எதிர்பார்த்தது கிட்டும் என்று பொருளுரைப்போர் அனனியாவின் கூற்றை எரேமியாவின் வாயில் வைத்தவராவர்.

இவ்வாறு கொண்டால் வசனத்தின் ஆறுதல் குன்றாதோ எனின், குன்றாது. பேராக் தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். கங்காணி முறையில் வந்தோருள் பலர், சில ஆண்டு உழைத்து ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தனர். அவர்கள் போரில் சிறைப்பட்டோர் அல்லர். ஒப்புமைக்கு அந்த எல்லை உண்டு. எனினும் ரப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டு ஆகும் என்பதை அவர்கள் அறிவர். இரண்டாண்டில் புறப்படுவோன் தனக்கென மரம் நடான். நட்டவனுக்கு உரைத்த உறுதிமொழி, அவன் காணாத பேரர் காலத்தையும் தழுவி நிற்கும். விரும்பியது கிட்டாத வீட்டிலும் அவ்வுறுதிமொழியை வாசிக்கலாம். அனனியாவின் வாக்கை அங்கே வாசிக்க முடியாது.

இவ்வசனத்தை வாழ்த்து மடலில் எழுதுவோர், அதற்கு முந்திய ஏழு வசனங்களையும் சேர்த்துப் படித்துக்காட்டுதல் நலம்.