சாயம் பிடிக்கும் தாள்: எதைக் காக்கும், எதைக் கைவிடும்?

மெரூன் யோக் வைத்துத் தைத்த வெள்ளைக் குர்த்தி முதல் அலசலிலேயே ரோஸ் நிறமாகிப் போனால் தைத்தவருக்கு மனசே விட்டுப்போகும். கடையில் வாங்கிய உடுப்பு என்றால் பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம். வீட்டுத் தையலில் யாரைக் கேட்பது? மேல்துணி ஒரு கடையில் எடுத்தது, லைனிங் இன்னொரு கடையில். பைப்பிங்குக்கு மிச்சத் துண்டு, பார்டருக்குப் பழைய சேலை. நான்கும் வெவ்வேறு சாயத்தொட்டியிலிருந்து வந்தவை. எதில் சாயம் இறங்கும், எதில் நிற்கும் என்று யாரும் சேர்த்துத் துவைத்துப் பார்த்ததில்லை. ஏற்றுமதித் துணிக்கு இதற்கென்றே சோதனை உண்டு. சாயத்துணியோடு வெள்ளைத் துணியை இணைத்துத் துவைத்து, வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் கறை இல்லை. 1 வந்தால் அந்தத் துணியை வேறு எதோடும் சேர்க்கவே கூடாது.

இந்தச் சோதனைக்கூடம் இல்லாத வீடுகளுக்காக விற்கப்படுவதுதான் சாயம் பிடிக்கும் தாள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் டைலான், அமெரிக்காவில் ஷவுட் என்ற பெயர்களில் பல ஆண்டுகளாகக் கடைகளில் இருப்பது; இப்போது இங்கேயும் இணையக் கடைகளில் வாங்கலாம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே கைக்குட்டை அளவில் வெள்ளைத் தாள்கள். தாள் என்று சொன்னாலும் தொட்டால் துணி மாதிரிதான் இருக்கிறது. மெஷின் சுழற்றிய சுழற்றலிலும் கிழியவில்லை. அழுக்குத் துணியோடு ஒன்றைப் போட்டு, வழக்கமான சோப்புத்தூளோடு ஓடவிட்டால் போதும். ஒரு தடவைதான் பயன்படும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பருத்திக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைந்ததும் எதிர்மின் தன்மை கொண்டவையாக இருக்கும். தாளின் இழைகளில் நேர்மின் தன்மையுள்ள வேதிப்பொருளை ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீரில் அலையும் சாயம் பக்கத்து வெள்ளைச் சட்டையில் ஒட்டுவதற்கு முன் தாளில் ஒட்டிக்கொள்கிறது.

முதல் சோதனை இதற்குச் சாதகமாகவே முடிந்தது. துவைக்காத மெரூன் பருத்தித் துணி ஒரு துண்டு, பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துண்டு, ஒரு தாள். மூன்றையும் ஹீட்டர் உள்ள ஃபிரண்ட் லோட் மெஷினில் 40 டிகிரியில் ஓட்டியபோது தாள் அடர் ரோஸாக வெளியே வந்தது. வேட்டித் துண்டில் நிறம் ஏறியதாகத் தெரியவில்லை. அதே மெரூன் துணியிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டைத் தாள் இல்லாமல் ஓட்டியபோது வேட்டித் துண்டில் ரோஸ் சாயல் தெளிவாகப் படிந்தது.

ஆனால் வீட்டில் தைப்பவரின் தொல்லை இது இல்லை. தனித்தனித் துணிகளைப் பிரித்துத் துவைக்க எல்லோருக்கும் தெரியும். ஒரே உடுப்பில் இரண்டு நிறம் தையலால் சேர்ந்திருக்கும்போதுதான் சிக்கல். மெரூன் பட்டையை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, தாளோடு சேர்த்து ஓட்டியதில் தாளின் திறமை அங்கேயே தோற்றது. தாள் நிறம் மாறியது உண்மைதான். ஆனால் தையலை ஒட்டி வெள்ளையிலும் ரோஸ் கோடு ஓடியிருந்தது. இதில் வியப்பில்லை. தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளை இழைக்குப் போக சாயம் தண்ணீரில் நீந்த வேண்டியதில்லை. ஈரம் இருந்தாலே ஊறிப் போய்ச் சேர்ந்துவிடும். துவைத்த துணியை மெஷினுக்குள்ளேயே சுருட்டிக் கிடக்கவிட்டால் கோடு இன்னும் அகலமாகும். தண்ணீருக்கு வந்த சாயத்தைத்தான் தாள் பிடிக்கும். துணியிலிருந்து துணிக்கு நேராகப் போவதை அது தடுக்காது.

பிடிக்கவே முடியாத சாயங்களும் உண்டு. ஜீன்ஸில் இருக்கும் இண்டிகோ தண்ணீரில் கரையாது. அது இழையின் மேலே துகளாக உட்கார்ந்திருந்து உரசலில் உதிரும். கரைந்து மின்தன்மையோடு வந்தால்தானே தாள் இழுக்கும்? பாலியஸ்டருக்குப் போடும் சாயத்திலும், பசை வைத்து அச்சடித்த பிரிண்ட் துணியிலும் இதே கதைதான். பழைய ஜீன்ஸை வெட்டி வெள்ளைப் பையில் பேட்ச் வைக்கிறவர்கள் தாளை நம்பி இறங்க வேண்டாம். பக்கெட் துவைப்பவர்களுக்கும் இதன் பலன் குறைவு. தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் சாயம் தாளிடம் வந்து சேரும். ஊறப்போட்ட பக்கெட்டில் அது ஒரு ஓரமாகக் கிடக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தத் தாளைத் தூக்கி எறிய மனம் வராததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. காவல்காரனாக அது பாதி வேலைதான் செய்கிறது. சோதனைக்காரனாக அருமையாகச் செய்கிறது. வாங்கி வந்த துணியை வெட்டுவதற்கு முன்பே ஒரு தாளோடு தனியாகத் துவைத்தால், தாள் எவ்வளவு சிவந்து வருகிறது என்பதிலேயே அந்தத் துணியின் குணம் தெரிந்துவிடும். மறுபடி புதுத் தாளோடு துவைத்தால் நிறம் குறைய வேண்டும். தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தால் தைரியமாகக் கத்தரிக்கோலை எடுக்கலாம். அலச அலசக் குறையாமல் அதே அளவுக்குச் சிவந்துகொண்டே இருந்தால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கவே கூடாது. அதே நிறத்தில் லைனிங் போட்டுக்கொள்வதுதான் நல்லது.

இந்த இரண்டு விதத் துணிக்கும் காரணம் சாயத்தின் வகையில் இருக்கிறது. 1884-இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட காங்கோ ரெட், படிகாரம் போன்ற துணைப்பொருள் இல்லாமலே பருத்தியில் ஏறியது. அந்த வழியில் வந்த நேரடிச் சாயங்கள் மலிவானவை, போடுவதும் சுலபம். ஆனால் அவை இழையைத் தளர்வாகத்தான் பற்றியிருக்கின்றன. துவைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெளியேறும். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956-இல் புரோசியன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வினைச்சாயங்கள் வேறு ரகம். அவை பருத்தியோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கின்றன. அப்படிப் பிணைந்தது எளிதில் போகாது. பிறகு ஏன் வினைச்சாயம் போட்ட துணியும் முதல் அலசலில் சிவப்பாய் வடிகிறது? சாயத்தொட்டியில் ஒரு பங்கு சாயம் இழையோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அது துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான தண்ணீரில் பல தடவை அலசினால்தான் வெளியேறும். பட்டறையில் அந்த அலசல் குறைந்தால் மிச்சம் நம் வீட்டு மெஷினில் வரும்.

அந்த அலசலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். கழுவி விட்ட தண்ணீர் எங்கே போகும் என்பதும் சின்ன விஷயமில்லை. நொய்யலில் கலந்த சாயக்கழிவு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைத் தமிழ்நாட்டில் மறந்தவர் இருக்க முடியாது.

சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விற்ற காலமும் ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து போன கைத்தறிக் கட்டத் துணி 1960-களில் அமெரிக்காவில் 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் பெரும் மோகமாக இருந்தது. துவைக்கத் துவைக்கக் கட்டங்களின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். நம்மூரில் ஒரு மதுரைச் சுங்குடியின் வெள்ளைப் புள்ளி நிறம் மாறினால் யாரும் அதை ரசிக்க மாட்டார்கள்.

இனி வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படுவது. உப்பு பயன்படுவது சாயம் போடும் தொட்டியில். அங்கே அது சாயத்தை இழை பக்கம் தள்ளும். போட்டு முடித்த துணியில் அது எதையும் கட்டிப்போடுவதில்லை. உப்புத் தண்ணீரில் சாயம் எளிதாகக் கரையாது என்பதால் பக்கெட் தெளிவாகத் தெரியும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். அடுத்த நல்ல தண்ணீர் அலசலில் அது வெளியே வரும். வினிகர் விஷயமும் இப்படித்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களுக்குப் புளிப்பு உதவும். பருத்திக்கு அதனால் பலன் கிடையாது.

பலன் தருவது சூடான தண்ணீர். வெட்டுவதற்கு முன் பருத்தித் துணியை 60 டிகிரியில் சோப்புப் போட்டு ஓட்டினால், 40 டிகிரியில் வராத சாயமும் கழன்று வருகிறது. துணி சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும், தைத்த பிறகு அளவு குறையாது. மெஷினில் ஹீட்டர் இல்லாதவர்கள் சுடுதண்ணீரைப் பக்கெட்டில் விட்டுக் குச்சியால் கிளறி, தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். பட்டுக்கு இந்தச் சுடுதண்ணீர் வைத்தியம் கூடாது.

அப்படியும் நிற்காத நேரடிச் சாயத்துக்கு ஃபிக்ஸர் திரவம் இருக்கிறது. தாளில் உள்ள அதே நேர்மின் தத்துவம்தான், இங்கே துணியின் மேலேயே ஏறிச் சாயத்தைப் பிடித்து வைக்கிறது. மெரூன் துண்டில் போட்டுப் பார்த்ததில் அடுத்த அலசலின் தாள் வெகுவாக வெளுத்து வந்தது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சோப்புத்தூளோடு இதைக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். சோப்பு முழுக்கப் போன பிறகு தனித் தண்ணீரில்தான் போட வேண்டும். இரண்டாவது எச்சரிக்கையைப் பலர் கவனிப்பதில்லை. தைத்து முடித்த இருநிற உடுப்பை ஃபிக்ஸரில் முக்கினால் திரவம் வெள்ளைப் பகுதியிலும் ஏறும், அந்த வெள்ளை அப்புறம் சாயத்தை இன்னும் ஆசையாய் இழுக்கும். அதனால் சாயத்துணியை மட்டும், வெட்டுவதற்கு முன்பு. ஃபிக்ஸர் போட்ட துணியை அதற்குப் பிறகு குளிர்ந்த தண்ணீரில் துவைப்பதே நல்லது.

ஆக, மெரூன், கருநீலம், கறுப்பு என்று அடர்நிறத் துணி வாங்கி வெள்ளையோடு சேர்த்துத் தைப்பவர்களுக்குத் தாள் ஒரு பெட்டி வாங்கத் தகுந்ததே. தைத்த உடுப்பைக் காப்பாற்றும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். தாள் கிடைக்காத இடத்தில் ஈரமான துணியின் மேல் வெள்ளைப் பருத்தித் துண்டை வைத்து, காயும் வரை சூடாக இஸ்திரி போட்டுப் பார்த்தாலும் துணியின் குணம் தெரியும்.

ஏற்கெனவே சாயம் ஏறிவிட்ட உடுப்புக்கும் வழி இருக்கிறது, காயவிடாமல் இருந்தால். வெயிலில் போடவோ இஸ்திரி போடவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே, துணி தாங்குகிற சூட்டில், இரண்டு தாள்களோடு மறுபடி ஓட்ட வேண்டும். வெள்ளைப் பகுதியில் மிச்சம் நின்றால் ஆக்ஸிஜன் வகை வெளுப்புத்தூளை முதலில் ஓரத் தையலின் உள்பக்கம் தடவிப் பார்த்து, பக்கத்து நிறம் தாங்கினால் மட்டும் முழுக்கப் போடலாம். குளோரின் பிளீச் வேண்டாம். அது ரோஸ் கறையோடு மெரூன் யோக்கையும் சேர்த்தே வெளுத்துவிடும்.